சோப்புக்குப் போகாத சாயம்

பாப்பாவுக்கு உன் நைனா எழுதுவது.

பள்ளிக்கூட விலாசத்துக்கு என் கையெழுத்தில் ஒரு கவர் வந்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் இல்லை. உன் அம்மா நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போதுகூட என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள், குரலில் தெம்பு குறையவே இல்லை. வீட்டு விலாசத்துக்குப் போட்டால் முதலில் பிரித்துப் படிப்பவர் உன் மாமனார். அவர் படிக்கக் கூடாத சங்கதி இதில் இருக்கிறது, அதனால்தான் பள்ளிக்கூடம். முதலில் ஒரு காரியம் செய். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார். இன்னொரு நாற்காலி காலியாக இருந்தால் அதை இழுத்துப் போட்டுக் காலைத் தூக்கி அதன்மேல் வை. பெரிய டீச்சர் முறைத்தால் ஆரணியிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது என்று சொல். அப்புறம், பிழை கண்ட இடத்திலெல்லாம் சிவப்பு மையால் சுழிக்காதே. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன். விட்டேன் என்று சொல்வது மரியாதைக்காக. வாத்தியார்தான் என்னை விட்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் உன் வளைகாப்புக்குக் களம்பூர் வந்தோம் அல்லவா? பெண்கள் வரிசையாக வந்து உனக்கு நலங்கு வைத்தார்கள். கன்னத்தில் சந்தனம், கையில் மஞ்சள், பிறகு பாதத்தில் மஞ்சள். பாதத்துக்குப் பூச வந்த ஒரு பெரியம்மா உன் புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கினாள். நான் வாசல் ஓரமாக ஆண்கள் பக்கம் நின்று, யார் வீட்டு வளையல் முதலில் உடையும் என்று வம்பு பேசிக்கொண்டிருந்தேன். நீ வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாய். வெட்கம் என்று எல்லாரும் சிரித்தார்கள். நீ இழுப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். இடது கணுக்காலுக்கு மேலே, உள்பக்கமாக, பச்சையும் நீலமுமாக ஒரு நரம்பு மண்புழு மாதிரி நெளிந்து மேலே ஏறியிருந்தது. நான் பார்த்ததை நீயும் பார்த்தாய்.

சாப்பாடு முடிந்து கொல்லைப் பக்கம் கை கழுவும்போது உன்னிடம் கேட்டேன். நீ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

“கத்தாத நைனா. ஏற்கெனவே சாயக்காரன் வூட்டுப் பொண்ணுன்னு சொல்லிகினு இருக்காங்க. இதுவும் உங்கப்பன் குடுத்த சீருதான்னு சொல்லுவாங்க. லீவு அடுத்த மாசம்தான். அங்க வந்தப்புறம் டாக்டர்கிட்ட காட்டிக்கிறேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத.”

வாயைத் திறக்கமாட்டேன் என்று குழாயடியிலேயே சத்தியம் செய்துகொடுத்தேன். ஊர் திரும்பும்போது பஸ்ஸில் நான் கண்டக்டரைக்கூடச் சீண்டவில்லை. உன் அம்மா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள். அடுத்த மாதம் என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய். ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு, காலை மணியிலிருந்து சாயந்தர மணி வரைக்கும் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறாய். வலியை ஒளிக்கிறாய், வீக்கத்தை ஒளிக்கிறாய். இந்த விஷயத்தில் நாள் தள்ளியவன் பட்ட பாடு எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த முட்டாள் நான்தான்.

சீர் என்று சொன்னாயே, அது நிஜம்தான். இது அப்பன் வழியிலும் வரும், ஆத்தாள் வழியிலும் வரும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். என் அப்பாவுக்கும் இருந்தது. அவர் வேட்டியைக் கரண்டைக்கால் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு அதற்கு கௌரவம் என்று பெயர் வைத்திருந்தார். மற்றவர்கள் பெண்ணுக்குக் கட்டில் பீரோ கொடுக்கிறார்கள். நான் கொடுத்தது யாராலும் அடகு வைக்க முடியாத சீர். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? என் காலைப் பார்த்து நான் வெட்கப்பட்டதே இல்லை. அதைப் பற்றித் தப்பாக நினைத்தேன், அவ்வளவுதான். அந்தக் கதை உனக்குத் தெரியும். ஆனால் அதை நீ சொல்லித்தான் ஊர் கேட்டிருக்கிறது, நான் சொல்லி நீ கேட்டதில்லை. இந்த ஒரு தடவை கேள்.

சாயப் பட்டறையில் எனக்குக் கொப்பரையடி வேலை. கீழே அடுப்பு, மேலே கொதிக்கிற சாயத் தண்ணீர். கழியில் மாட்டிய பட்டு நூலை அதில் இறக்கி, நிறம் சீராக ஏறும்வரை புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் உட்கார்ந்தால் நூல் திட்டுத்திட்டாகிவிடும். அதனால் நின்றால் நின்றதுதான். நடக்கவும் இடம் கிடையாது, ஒரே காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு அடுப்புச் சூட்டில் நிற்பேன். சாயக்காரன் உடம்பில் கலர் இருப்பது சகஜம். நகக்கண்ணில் அரக்கு, முழங்கையில் மாம்பழ மஞ்சள், காது மடலில் எப்படியோ ஒரு துளி மயில்கழுத்து. அந்தச் சமயத்தில் இடது கணுக்காலுக்கு மேலே காப்பிப்பொடி நிறத்தில் ஒரு கறை வந்தது. சாயம் தெறித்திருக்கிறது என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? வேறு ஊரில் காலில் கறை வந்தால் டாக்டரைத் தேடுவார்கள். ஆரணிச் சாயக்காரன் சோப்பைத்தான் தேடுவான். சாயந்தரமானால் அந்தக் கால் கல்லைக் கட்டினதுபோலக் கனக்கும், கணுக்கால் உப்பும், ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். நின்று வேலை செய்கிறவனுக்கு வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். டீக்கடையில் யாராவது கறையைக் காட்டிக் கேட்டால், ஒரு கல்யாணப் பெண் இந்த நிறத்தில்தான் புடவை வேண்டும் என்று அடம்பிடிக்கிறது, சாம்பிள் போட்டுப் பார்க்கிறேன் என்பேன்.

எதிர்க் கொப்பரையில் நின்ற ஏகாம்பரம் எனக்கு யோசனை சொன்னான். சாயம் போடும் முன்னால் பட்டு நூலில் இருக்கிற பசையை எடுக்க அதைச் சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் வேக வைப்போம். “பட்டுல இருக்கிற பசையே போவுது, உன் தோலுல இருக்கிறது போவாதா” என்றான். எமர்ஜென்சி முடிந்த பிறகு வந்த தீபாவளி நேரம் அது. புது வேட்டிக்குக் கறைக்கால் பொருந்தாதென்று, தினமும் அந்தச் சோப்புத் தண்ணீரைக் காலில் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தேன். கறை போகவில்லை, தோல்தான் போயிற்று. முதலில் அரித்தது, பளபளவென்று மெலிந்தது, பிறகு ஒரு நாள் கிழிந்து புண்ணாகிவிட்டது. மஞ்சளை அப்பி, ஒரு பட்டுத் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஆரணியிலேயே பட்டுத் துணியில் கட்டுப்போட்ட ஒரே புண் என்னுடையது என்று ஏகாம்பரத்திடம் பெருமை அடித்துக்கொண்டேன். தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று, புண் போகவில்லை. நீர் வடிந்துகொண்டே இருந்தது.

நீ அப்போது எஸ்.எஸ்.எல்.சி. தரையில் புத்தகத்தைப் பரப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கட்டை அவிழ்த்தேன். நாற்றத்துக்கு நீ எழுந்துபோவாய், புத்தகம் என் பக்கம் வந்துவிடும், அதைத் தலைக்கு வைத்துப் படுக்கலாம் என்பது என் கணக்கு. நீ எழுந்துபோகவில்லை. தலையைச் சாய்த்துக் காலையே பார்த்தாய்.

“நைனா, இந்த மாசம் பூரா கொப்பரையில இன்னா கலரு?”

“கிளிப்பச்ச. ஏன், தாவணி வேணுமா உனக்கு?”

“பச்ச தெறிச்சா காலு எப்படி காப்பி கலரா ஆவும்? அதுவும் ஒத்தக் கால்ல மட்டும். சாயம்னா ரெண்டு கால்லயும்தான தெறிக்கும்?”

நான் குனிந்து என் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தேன். உன் அம்மா கேட்ட கேள்விகளுக்கெல்லாம்கூட ஏதாவது ஒரு பொய் கைக்கு வந்திருக்கிறது. இத்தனை வருஷமாக நிறத்திலேயே ஊறிக்கிடந்த எனக்குத் தோன்றவில்லை, பட்டறையில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. மறுநாள் நீ பள்ளிக்கூடப் பாவாடை தாவணியோடு என்னைக் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாய். வழியெல்லாம், இது நல்ல சாயம் பாப்பா, கேரண்டி சாயம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நீ சிரிக்கவே இல்லை.

டாக்டர் என்னை ஒரு ஸ்டூல் மேல் ஏறி நிற்கச் சொன்னார். ஊசிக்குப் பயந்து நான் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டேன். அவர் ஊசியை எடுக்கவில்லை, என் காலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தொடையிலிருந்து கணுக்கால் வரை நரம்பு புடைத்து, முடிச்சு முடிச்சாக நின்றது. பிறகு மேஜைமேல் படுக்கவைத்துக் காலை மேலே தூக்கினார். நரம்பெல்லாம் வற்றி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மறுபடி நிற்கச் சொன்னார். மறுபடி நிறைந்து புடைத்துக்கொண்டது. இதுக்கு வெரிகோஸ் வெயின் என்று பெயர், நாம் நரம்பு என்று சொல்கிறோமே தவிர இது ரத்தக் குழாய் என்றார். காலுக்கு இறங்கின ரத்தம் திரும்ப நெஞ்சுக்கு ஏற வேண்டும். ஏறின ரத்தம் கீழே விழாமல் தடுக்க அந்தக் குழாய்க்குள்ளே சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அந்தக் கதவுகள் தளர்ந்தால் ரத்தம் திரும்பிக் கீழே இறங்கித் தேங்கும், குழாய் புடைக்கும், கால் வீங்கும், தேங்கின ரத்தம் கசிந்து தோல் நிறம் மாறும், கடைசியில் புண்ணாகும். அவர் சொல்லி முடிப்பதற்குள் நீ கேட்டாய்.

“நம்ம தெரு அடிபம்பு மாதிரியா சார்? வாசர் தேஞ்சி போனா தண்ணி திரும்ப எறங்கிடுமே.”

டாக்டர் சிரித்துவிட்டார். அதேதான் என்றார். கெண்டைக்கால் சதைதான் பம்பின் கைப்பிடி, நடக்கும்போது அது அடிக்கிறது, ரத்தம் ஏறுகிறது, சும்மா நின்றால் கைப்பிடியை யார் அடிப்பது என்று உன்னைப் பார்த்தே சொன்னார், நோயாளி நான் என்பதையே மறந்துவிட்டார். கெட்டிக்காரப் பெண் என்றார். “என் பொண்ணு சார்” என்றேன். யாரும் கேட்கவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நீ என்னைப் படுத்தின பாடு இருக்கிறதே. காலையில் பாயைவிட்டு எழுந்திருக்கும் முன்னால் கட்டுப்போட வேண்டும், எழுந்து நின்றால் ரத்தம் இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னாரா, அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் நீ கால்மாட்டில் உட்கார்ந்திருப்பாய், கையில் இழுத்தால் நீளுகிற அந்தக் கட்டுத் துணியோடு. விரலடியில் ஆரம்பித்து முட்டிக்குக் கீழே வரை. முதல் நாள் கோழியின் காலைக் கட்டுவதுபோல இறுக்கிவிட்டாய், என் விரல்களெல்லாம் நீலமாயிற்று. நல்லவேளை, கிளிப்பச்சை ஆகவில்லை. டாக்டரிடம் போய்க் கேட்டு வந்து மறுநாள் சரியாகக் கட்டினாய். சாயந்தரம் வந்ததும் நான் தரையில் படுத்துச் சுவரில் காலை ஏற்றி வைக்க வேண்டும். பட்டறையிலிருந்து ஒரு பட்டு நூலை எடுத்துவரச் சொல்லி, காலையில் ஒருமுறை கணுக்காலை அளந்து முடிச்சுப் போட்டாய், சாயந்தரம் அதே நூலால் மறுபடி அளந்து வீக்கம் எவ்வளவு என்று பார்த்தாய். முடிச்சு தாண்டினால் நான் நின்றிருக்கிறேன் என்று அர்த்தம். வீட்டில் எனக்கு ஒரு மேஸ்திரி முளைத்தாள். முதலாளியிடம் பேசி என்னைக் கொப்பரையடியிலிருந்து நூல் உலர்த்துகிற இடத்துக்கு மாற்ற வைத்ததும் நீதான், அங்கே நடந்துகொண்டே இருக்கலாம் என்று. புண் ஆறிற்று. பிறகு வேலூரில் ஆபரேஷன் செய்து கெட்டுப்போன குழாயை உருவி எடுத்தார்கள். அதைக் கையில் கொடுங்கள், தறியில் போட்டு நெய்யலாம் என்று நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும். அங்கே இருந்த நர்ஸ் சிரித்தாள். நீ அப்போதும் சிரிக்கவில்லை, ஆபரேஷன் முடிந்து நான் எழுந்து நடக்கும்வரை சிரிக்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டாயாம், உன் அம்மா பிறகு சொன்னாள். கறை மட்டும் இன்னும் இருக்கிறது. ஆயுசு முழுக்க நான் போட்ட சாயத்தில் வெளுக்காதது அது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட பெண்தான் இன்று தன் காலைப் புடவைக்குள் ஒளிக்கிறாள். என் காலுக்கு ஒரு நியாயம், உன் காலுக்கு ஒரு நியாயமா? உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உடம்பில் ரத்தம் அதிகம், வயிறு கீழே அழுத்தும், அதனால் இது பலருக்கும் வருகிறது. பிள்ளை பிறந்த சில மாதங்களில் நிறையப் பேருக்குத் தானாகவே வடிந்துவிடும் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே பயப்படாதே, ஆனால் சும்மாவும் இருக்காதே. பாடம் நடத்தும்போது ஒரே இடத்தில் நிற்காமல் பிள்ளைகள் நடுவில் நட, காப்பி அடிக்கிறவனும் மாட்டுவான். உட்காரும்போது காலைத் தொங்கவிடாதே. இடதுபக்கமாகத் திரும்பிப் படு. எண்ணெய் போட்டு நரம்பை நீவிவிடுகிறேன் என்று யாராவது வந்தால் ஓடச் சொல். கட்டுத் துணியை டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு கட்டு, நீயாகக் கட்டாதே, கோழிக்கால் கதை எனக்கு மறக்கவில்லை.

இதெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால், கெண்டைக்கால் வலித்துச் சூடாகச் சிவந்தால், அன்றைக்கே, அந்த நேரமே டாக்டர். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அந்த ஆபத்து அதிகமாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ, யார் வண்டி கிடைக்கிறதோ அதில் ஏறு. புடைத்த இடம் உடைந்து ரத்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் நான் குளிக்கும்போது அப்படி ஆகி, ரத்தம் பீய்ச்சி அடித்ததும் உன் அம்மா துண்டை எடுத்து முட்டிக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். நீ ஓடிவந்து அதை அவிழ்த்துவிட்டு, என்னை ஈரத் தரையிலேயே படுக்கவைத்து, பக்கெட்டைக் கவிழ்த்துக் காலை அதன்மேல் ஏற்றி, உடைந்த இடத்தை மட்டும் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டாய். நின்றுவிட்டது. ஈரத் துண்டைத் தவிர வேறெதுவும் இல்லாமல் படுத்திருந்த நான், அரக்குக்கு ஆர்டர் வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

சரி, இப்போது கோபப்பட ஆரம்பிக்கலாம். போன புதன்கிழமை, நீ பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, நான் உன் வீட்டுக்கு வந்திருந்தேன்.

உன் அம்மா செய்த முறுக்கைக் கொடுக்க வந்ததாகச் சொன்னேன். சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி, அதன்மேல் தலையணை ஒன்று கேட்டு வாங்கிப் போட்டு, வேட்டியை முட்டிவரை ஏற்றி, என் இடது காலைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராக வைத்தேன். பெண் கொடுத்தவன் சம்பந்திக்கு எதிரே கால்நீட்டி உட்கார்ந்த வழக்கம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கேயாவது உண்டா? அவர் முகம் போன போக்கை நீ பார்க்கவில்லையே என்று எனக்கு வருத்தம்தான். மழையைப் பற்றிப் பேசினேன், நெல் விலையைப் பற்றிப் பேசினேன், காலை மட்டும் எடுக்கவில்லை. ரைஸ் மில்லில் ஆள் காத்திருக்கிறது என்று அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். உன்னிடம் செய்த சத்தியத்தை மீறிவிட்டேன் என்று சொல்லாதே. வாயைத் திறக்கமாட்டேன் என்றுதான் சொன்னேன். காலைப் பற்றி நாம் ஒன்றும் பேசவில்லை.

காப்பி கொண்டுவந்த உன் மாமியார் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். கண் என் கறைமேலேயே இருந்தது. இது என்ன என்று கேட்டாள். நான் கொப்பரைக் கதையைச் சொன்னேன். சோப்புத் தண்ணீர், பட்டுத் துணிக் கட்டு, ஸ்டூல், அடிபம்பு, எல்லாம். உன் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வழக்கமாக நான் வாயைத் திறந்தாலே எழுந்து உள்ளே போகிற அந்தம்மா, அன்றைக்கு உட்கார்ந்து கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு வாசலைப் பார்த்தாள், கதவைப் பாதி சாத்தினாள், புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கினாள். இரண்டு காலிலும் அதே காப்பிப்பொடி. என் கறையைவிட நல்ல அழுத்தமான நிறம், சாயக்காரனாகச் சொல்கிறேன். ஒரு இடத்தில் தோல் மெலிந்து, கிழிவதற்குத் தயாராகப் பளபளத்தது.

“கல்யாணமாயி வந்ததுலருந்து மில்லு களத்துல நெல்லு தள்ளிகினு நின்னேன் சம்மந்தி. உங்க மாப்பிள்ள வயித்துல இருக்கும்போது இது வந்துச்சி. பொறந்த வூட்டுலருந்து சீக்கு கொண்டாந்துட்டான்னு சொல்லுவாங்கன்னு இதுவரைக்கும் யாருக்கும் காட்டல. இவருக்குக்கூட தெரியாது.”

  கரையை இறக்கிவிட்டு அவளே மெதுவாகச் சொன்னாள்.

“உங்க பொண்ணு சாயந்தரம் வந்ததும் ரூமுக்குள்ள படுத்துகினு கால சொவுத்துமேல வெச்சிக்குது. ஜன்னல் வழியா பாத்தேன். படிச்ச திமிருன்னு நெனச்சிகினு இருந்தேன்.” என் காலையும் தலையணையையும் ஒருமுறை பார்த்தாள். “அதுக்கும் இதுதானா?”

நான் காப்பியைக் குடித்தேன். வாயைத் திறக்காமல் காப்பி குடிப்பது எப்படி என்று கேட்காதே. அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் எனக்கு இன்னொரு டம்ளர் கொண்டுவந்தாள், இந்தத் தடவை சர்க்கரை சரியாக இருந்தது.

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பெண்கள், இரண்டு பேர் காலிலும் ஒரே சங்கதி, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி ஒளித்துக்கொண்டு, அதுவும் ஒரே பேச்சுக்குப் பயந்துகொண்டு. என் வீட்டுச் சீர் என்று நீ பயந்தாயே, அந்தச் சீர் உனக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. பிறக்கப்போகிற பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் சீர். என்னால் தனியாகப் பெருமைப்பட்டுக்கொள்ளக்கூட முடியவில்லை.

இப்போது ஏற்பாட்டைச் சொல்கிறேன். உன்னை நேராகக் கூப்பிட்டால் லீவு வரட்டும் என்று மறுப்பாய் என்று உன் மாமியாருக்குத் தெரியும். அவளை நேராகக் கூப்பிட்டால் இந்த வயசில் எனக்கு என்ன என்று மறுப்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் அவளிடம் சொன்னேன்: உங்களுக்குக் கால் வலி, துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிப் பாப்பாவை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள், ஆரணியில் லேடி டாக்டர் இருக்கிறாள், பாப்பாவைக் காட்டிவிடலாம் என்று. நல்ல யோசனை என்றாள். உன்னை ஏமாற்றி அழைத்துவருவதாக நினைத்துக்கொண்டு அவள் சந்தோஷமாக இருக்கிறாள். உன்னிடம் இதைச் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியமும் மீறப்படவில்லை, வாய் மூடித்தான் இருக்கிறது, கைதான் எழுதுகிறது. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். டாக்டர் உன்னைப் பார்த்து முடித்ததும் எழுந்துவிடாதே. அத்தையின் காலையும் பாருங்கள் என்று சொல். அவள் மாட்டேன் என்பாள். பச்சை தெறித்தால் காப்பி நிறம் எப்படி வரும் என்று என்னைக் கேட்டாயே, அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளைப் பார். அதற்கு எதிரே நின்று பேசினவன் இன்னும் பிறக்கவில்லை. அந்தத் தோல் இன்னும் கிழியவில்லை பாப்பா. என் கால் உனக்குப் புண்ணான பிறகுதான் கிடைத்தது. இது அதற்கு முன்னாலேயே கிடைத்திருக்கிறது.

வருகிற சனிக்கிழமை உனக்கு லீவு, காலை முதல் பஸ். நானும் உன் அம்மாவும் ஸ்டாண்டில் நிற்போம். திருத்திக்கொள்கிறேன், நடந்துகொண்டிருப்போம். அன்றைக்குக் காலையில் அத்தை நொண்டிக்கொண்டு வந்து, காலு ரொம்ப வலிக்குதுமா என்பாள். உனக்கு ஆச்சரியமாக இருக்க வேண்டும். சின்ன வயசிலிருந்தே உனக்கு நடிக்க வராது, நாளைக்கே கண்ணாடி முன்னால் பழகிக்கொள்.

கவருக்குள் இரண்டு பட்டு நூல் வைத்திருக்கிறேன், உதறும்போது விழுந்துவிடப்போகிறது. பழைய பட்டறையிலிருந்து ஏகாம்பரம் கொடுத்தான், யாருக்கு என்று கேட்டான், என் மேஸ்திரிக்கு என்றேன். காலையில் அளந்து முடிச்சுப் போடு, சாயந்தரம் பார். கிளிப்பச்சை உனக்கு. அரக்கு நூலை, சனிக்கிழமை பஸ்ஸில் திரும்பிப் போகும்போது, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறவளிடம் கொடு.